இறங்குவதில் கடைசி: இணைப்பு விமானமும் சக்கர நாற்காலியும்

நடக்கச் சிரமப்படும் பயணியை ஒரு விமானத்தின் கதவிலிருந்து இன்னொரு விமானத்தின் இருக்கை வரை கொண்டுசேர்க்கும் சேவையை விமானத் துறை நடமாட்ட உதவி என்கிறது. தமிழ்க் குடும்பங்களில் அதற்கு 'வீல்சேர் போடுவது' என்று பெயர். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் சென்னையிலிருந்து கிளம்பும் பெற்றோருக்கு டிக்கெட் எடுத்த கையோடு வரும் கேள்வி, "வீல்சேர் போட்டாச்சா?" என்பதுதான். நேர் விமானமாக இருந்தால் கிளம்பும் ஊரிலும் இறங்கும் ஊரிலும் உதவி கிடைத்தால் போதும். நடுவழியில் விமானம் மாற வேண்டியிருந்தால் நிலைமை வேறு. கையில் இருப்பது ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோதான். இறக்கிவிட்ட நிறுவனத்தைப் பொறுத்தவரை அவருடைய பயணம் முடிந்துவிட்டது. ஏற்றிக்கொள்ளப் போகும் நிறுவனத்தைப் பொறுத்தவரை அவர் இன்னும் வந்துசேரவில்லை. அந்த இடைவெளியில் அவர் யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லப் பல பத்தாண்டுகள் ஆயின.

பயணிகள் விமானங்களின் தொடக்க காலத்தில் தூரம் ஒரு தொல்லையாக இருந்ததில்லை. 1930-களின் விமான நிலையம் பெரும்பாலும் ஒற்றைக் கட்டடம். அதன் முன்னால் புல்வெளியோ சிமென்ட் தளமோ இருக்கும். கூப்பிடு தூரத்தில் விமானம் நிற்கும். தடை விமானத்திலேயே இருந்தது. அந்நாளில் பரவலாகப் பறந்த டக்ளஸ் டிசி-3 தரையில் நிற்கும்போது வால் தாழ்ந்து, மூக்கு நிமிர்ந்திருக்கும். பின்பக்கக் கதவில் படியேறி உள்ளே நுழைந்தால், இருக்கை வரை மேட்டில் ஏறுவதுபோல் ஏற வேண்டும். காலில் வலு இல்லாதவரை யாராவது தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

விமானத்துக்குள் பயணியைக் கவனிக்க முதலில் அமர்த்தப்பட்டவர்கள் செவிலியர்கள். 1930 மே 15 அன்று ஓக்லண்டிலிருந்து சிகாகோ சென்ற போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் விமானத்தில் எல்லன் சர்ச் என்ற பயிற்சி பெற்ற செவிலியர் முதல் விமானப் பணிப்பெண்ணாகப் பறந்தார். அவரையும் சேர்த்து அந்த நிறுவனம் எட்டுச் செவிலியர்களை வேலைக்கு எடுத்திருந்தது. பறக்க அஞ்சிய மக்களுக்குத் தைரியம் கொடுப்பதே அவர்களை அமர்த்தியதன் முக்கிய நோக்கம். ஆனாலும் உடல் நலிந்த பயணி ஒருவருக்கு விமானத்தில் கை கொடுக்கப் பழகிய ஆள் இருந்தது அந்தச் சில ஆண்டுகளில்தான். இரண்டாம் உலகப் போர் வந்து செவிலியர்களை ராணுவ மருத்துவமனைகள் அழைத்துக்கொண்டதும் அந்தத் தகுதி கைவிடப்பட்டது. பிறகு பணிப்பெண்ணின் வேலை உணவு பரிமாறுவதையும் பயணிகளின் பாதுகாப்பையும் சுற்றி அமைந்தது. தூக்குவதும் தாங்குவதும் அதிலிருந்து விலகிப்போயின.

சக்கர நாற்காலி பயணத்துக்கு ஏற்றதாக மாறியதும் 1930-களில்தான். அதற்கு முந்தைய நாற்காலிகள் மரத்தாலும் பிரம்பாலும் ஆனவை, கனமானவை, மடங்காதவை. சுரங்க விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்ட ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற அமெரிக்கப் பொறியாளரும் அவருடைய நண்பர் ஹாரி ஜென்னிங்ஸும் 1933-இல் எஃகுக் குழாய்களைப் பெருக்கல் குறிபோல் குறுக்கே பொருத்தி, இரு பக்கமும் சேர்ந்து மடங்கும் நாற்காலியைச் செய்தார்கள். அதை காரின் பின்பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். விமான நிலையங்களில் இன்று வரிசையாக நிற்கும் நாற்காலிகளில் பலவும் அந்த வடிவத்தின் வழித்தோன்றல்களே. இரு நண்பர்களும் தொடங்கிய நிறுவனம் பல ஆண்டுகள் இந்தத் தொழிலைக் கையில் வைத்திருந்தது.

நாற்காலியோடு மனிதரை விமானத்துக்குள் ஏற்ற முடியும் என்பதற்கு முதல் பெரிய சான்று ஓர் அதிபருக்காகக் கட்டப்பட்ட விமானம். போலியோவால் கால்கள் செயலிழந்த அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்காக டக்ளஸ் நிறுவனத்தின் சி-54 வகை விமானம் ஒன்று மாற்றி அமைக்கப்பட்டது. அதன் பின்பகுதியில் மின்கலத்தில் இயங்கும் ஒரு தூக்கி இருந்தது; அது நாற்காலியோடு அவரைத் தரையிலிருந்து விமானத்தின் உள்தளத்துக்கு உயர்த்தியது. 1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டுக்குச் செல்லும்போதுதான் அவர் அந்த விமானத்தைப் பயன்படுத்தினார். ஏப்ரலில் அவர் காலமானார். தொழில்நுட்பம் அப்போதே கைவசம் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்த நாற்பது ஆண்டுகள் சாதாரணப் பயணிகளிடம் சொல்லப்பட்ட 'முடியாது' என்ற பதிலுக்குக் காரணம் தொழில்நுட்பக் குறைபாடு மட்டும் அல்ல.

1958-இல் போயிங் 707 அட்லாண்டிக் கடலைக் கடக்கத் தொடங்கியது. ஜெட் விமானத்தின் கதவு தரையிலிருந்து 3 மீட்டருக்கு மேல். 1970-இல் வந்த 747-க்கோ ஏறக்குறைய 5 மீட்டர். படியேற முடியாதவருக்கு இந்த உயரம் முழுத் தடை. அந்தத் தடை அதே காலத்தில் தற்செயலாகவே நீங்கவும் செய்தது. 1950-களின் கடைசியில் அமெரிக்க விமான நிலையங்களில் ஏரோபிரிட்ஜ் எனப்படும் நடைப்பாலம் வந்தது. மழையிலும் இன்ஜின் சத்தத்திலும் மக்கள் நனையாமல் அஞ்சாமல் ஏற வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டது அது. சக்கர நாற்காலிக்கு அதைப் போன்ற நன்மை வேறெதுவும் செய்ததில்லை. ஆனால் அந்த நன்மையை அதை வடிவமைத்தவர்கள் முதன்மையாக நினைத்திருக்கவில்லை.

பாலம் உயரத்தைத் தீர்த்தது, தூரத்தைக் கூட்டியது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பாலம் வேண்டும். இரண்டு பாலங்களுக்கு நடுவே இறக்கைகள் இடிக்காத அளவு இடம் வேண்டும். ஆகவே வாயில்கள் விலகிப்போயின, கட்டடம் விரல்களாக நீண்டது. 1958-லேயே டல்லஸ் நகரின் லவ் ஃபீல்டு விமான நிலையத்தில் நகரும் நடைபாதை போட வேண்டியிருந்தது. விமான நிலையம் ஒன்றில் அதுவே முதல். வாஷிங்டனுக்கு அருகே 1962-இல் திறக்கப்பட்ட டலஸ் பன்னாட்டு விமான நிலையத்தை வடிவமைத்த ஈரோ சாரினென் நடையை அறவே ஒழிக்கப் பார்த்தார். பேருந்து போன்ற பெரிய ஊர்திகளில் பயணிகள் கட்டடத்திலேயே ஏறி உட்கார, அந்த ஊர்தி விமானத்தின் கதவுக்கே போய் ஒட்டிக்கொள்ளும். 1971-இல் திறக்கப்பட்ட டாம்பா நிலையமோ காரிலிருந்து விமானம் வரை ஒருவர் 700 அடிக்கு மேல் நடக்கக் கூடாது என்ற விதியை வைத்துக்கொண்டு கட்டப்பட்டது. அந்தத் தலைமுறைக் கட்டடக் கலைஞர்களுக்கு நடை ஒரு சுமை என்பது தெரிந்திருந்தது. ஊருக்குள்ளிருந்து வந்து ஏறும் பயணியை மனத்தில் வைத்து அவர்கள் சிந்தித்தார்கள். விமானத்திலிருந்து இறங்கி விமானத்தில் ஏறும் பயணி அவர்கள் கணக்கில் சிறுபான்மை.

1972-இல் கன்சாஸ் சிட்டியிலும் 1974-இல் டல்லஸ்-ஃபோர்ட் வொர்த்திலும் கட்டப்பட்ட நிலையங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள். அரைவட்ட வடிவில் நீளும் கட்டடம். காரை வாயிலுக்கு நேர் வெளியே நிறுத்திவிட்டுச் சில அடிகளில் விமானத்தை அடையலாம். சக்கர நாற்காலியில் வருபவருக்கு இதைவிட வசதி கிடையாது. 1973-இல் கடத்தல்களைத் தடுக்கப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமானபோது அந்த வசதியில் முதல் விரிசல் விழுந்தது. 1978-இல் அமெரிக்காவில் விமானக் கட்டணமும் வழித்தடமும் அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டபோது மீதியும் போயிற்று.

அந்தக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு பெரிய நிறுவனங்கள் எல்லா ஊர்களையும் நேராக இணைப்பதை விட்டன. ஒரு நகரை நடுமையமாக்கி, காலையில் நாற்பது ஐம்பது விமானங்களை ஒரே நேரத்தில் அங்கே இறக்கி, பயணிகளை மாற்றி ஏற்றி, மறுபடி ஒரே நேரத்தில் கிளப்பின. அட்லாண்டாவில் டெல்டா நிறுவனம் 1950-களிலேயே தொடங்கிவைத்த முறை எங்கும் பரவியது. 1980-இல் திறக்கப்பட்ட அட்லாண்டாவின் புதிய முனையம் இந்த மாற்றுப் பயணிக்காகவே கட்டப்பட்டது. இணையாக நிற்கும் கட்டடங்களை நிலத்தடி ரயில் இணைத்தது. வாயிலருகே கார் நிறுத்தக் கட்டிய டல்லஸ்-ஃபோர்ட் வொர்த்தும் 1981-இல் நடுமையமாயிற்று. ஒரு முனையத்தில் இறங்கி வேறு முனையத்துக்கு ஓட வேண்டியவருக்கு, குறைந்த நடைக்கென்று அமைத்த அந்த அரைவட்டங்கள் நீண்ட வழியாகிவிட்டன.

இணைப்பு விமானம் என்ற ஏற்பாட்டின் உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. அதன் பெயர் குறைந்தபட்ச இணைப்பு நேரம். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும், சில இடங்களில் ஒவ்வொரு முனையத்துக்கும் நிறுவனத்துக்கும், இது நிமிடக் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் குறைவான இடைவெளியில் ஒரே டிக்கெட்டாக இரண்டு விமானங்களை முன்பதிவுக் கணினி விற்காது. வியன்னா 25 நிமிடம், மியூனிக்கின் இரண்டாம் முனையம் 30 நிமிடம், ஃபிராங்க்ஃபர்ட் 45 நிமிடம் என்று அந்த நிலையங்கள் பெருமையோடு விளம்பரம் செய்திருக்கின்றன. எண் சிறிதாக இருந்தால் தேடல் பட்டியலில் அந்த ஊர் வழியே செல்லும் பயணம் மேலே வரும், வியாபாரம் கூடும்.

இந்தக் கணக்கு நடந்து போகிறவருடையது. உதவி கேட்டிருப்பவருக்கென்று தனி இடைவெளியைக் கணினி பொதுவாகப் பார்ப்பதில்லை. ஆனால் அவருக்கு நேரம் நடைபாதையில் போவதில்லை, விமானத்துக்குள்ளேயே போய்விடுகிறது. சாதாரண விமானத்தின் இடைவழி ஏறக்குறைய அரை மீட்டர் அகலம். வழக்கமான சக்கர நாற்காலி அதில் நுழையாது. அதற்கென்று உள்ள ஒடுக்கமான நாற்காலியைக் கொண்டுவர வேண்டும். எல்லாரும் பெட்டிகளோடு இறங்கிக்கொண்டிருக்கும்போது அதை எதிர்த்திசையில் தள்ளிவர முடியாது. ஆகவே உதவி கேட்டவர்கள் ஏறும்போது முதலில் ஏற்றப்படுகிறார்கள், இறங்கும்போது கடைசியில் இறக்கப்படுகிறார்கள். பெரிய விமானத்தில் கடைசிப் பயணி இறங்க இருபது நிமிடம்கூட ஆகும். 45 நிமிட இணைப்பில் அது ஏறக்குறைய பாதி. கடைசியில் இறங்குவது எங்கும் நடைமுறையாகிவிட்ட பழக்கம். அதனால் நேரும் இழப்பைச் சுமப்பவர் அந்தப் பயணி.

அடுத்த ஊரில் நாற்காலி காத்திருக்க வேண்டுமானால் செய்தி முன்னதாகப் போய்ச்சேர வேண்டும். 1949-இல் 11 விமான நிறுவனங்கள் கூடி சீட்டா என்ற பொதுத் தொலைத்தொடர்பு அமைப்பை உருவாக்கின. டெலிபிரிண்டர் வழியே ஊர்விட்டு ஊர் செய்திகள் போயின. 1964-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து உருவாக்கிய சேபர் முன்பதிவுக் கணினி முழுமையாக இயங்கத் தொடங்கியது. தந்திக்கும் கணினிக்கும் சுருக்கம் தேவை. 'பாட்டிக்கு முழங்கால் வலி, கொஞ்ச தூரம் நடப்பார், படி ஏறுவார்' என்று எழுத இடமில்லை. ஆகவே உலக விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் நான்கெழுத்துக் குறியீடுகள் வழக்கத்துக்கு வந்தன. டபிள்யூ.சி.எச். என்ற மூன்று எழுத்தும் சக்கர நாற்காலியைக் குறிக்கும். நான்காவது எழுத்துதான் மனிதரைச் சொல்லும்.

ஆர் என்று முடிந்தால், படி ஏறுவார், விமானத்துக்குள் நடப்பார், நீண்ட தூரம்தான் முடியாது என்று பொருள். எஸ் என்றால் படி ஏற முடியாது, உள்ளே நடப்பார். சி என்றால் இருக்கை வரை கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். இந்த ஓரெழுத்து வேறுபாடு விமானம் பாலத்தில் நிற்கும்போது பெரிதாகத் தெரியாது. தூரத்துத் தளத்தில் நின்று, படிக்கட்டும் பேருந்தும் வரும்போது தெரியும். எஸ், சி என்று பதிவானவர்களுக்குத் தூக்கு ஊர்தி வரும். ஆர் என்று பதிவானவர் படியிறங்குவார் என்றே தரைப்பணியாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். பயண முகவரிடமோ இணையத்திலோ வெறுமனே 'வீல்சேர்' என்று கேட்டால் பெரும்பாலும் பதிவாவது ஆர்தான். படியிறங்க முடியாத மூதாட்டி ஒருவர் அந்த எழுத்தோடு நடுவழி ஊரில் மாட்டிக்கொண்டால், தூக்கு ஊர்தியைப் புதிதாக வரவழைக்கும் நேரத்தில் அடுத்த விமானத்தின் கதவு சாத்தப்பட்டுவிடும். வீட்டில் உட்கார்ந்து டிக்கெட் போடும் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய எழுத்து இது.

செய்தி போகும் வழி அமைந்துவிட்டது. ஆனால் அதன்படி நடந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1970-கள் வரை உடல் ஊனமுற்றவரை ஏற்றலாமா என்பதை விமான நிறுவனங்களே தீர்மானித்தன. துணையாள் இல்லாமல் ஏற்ற மாட்டோம், மருத்துவச் சான்று கொண்டு வா, நெருக்கடியில் வழியை மறிப்பாய் என்று சொல்லித் திருப்பி அனுப்புவது சாதாரணமாக நடந்தது. 1973-இல் அமெரிக்கா இயற்றிய மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு, மத்திய அரசின் பணம் பெறும் எந்தத் திட்டமும் ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்றது. அதற்கான விதிகளை அரசு இழுத்தடித்தபோது, 1977 ஏப்ரலில் சான்ஃபிரான்சிஸ்கோவின் அரசு அலுவலகக் கட்டடத்துக்குள் நுழைந்த மாற்றுத்திறனாளிகள் மூன்று வாரங்களுக்கும் மேலாக வெளியேற மறுத்து உட்கார்ந்தார்கள். விதிகள் கையெழுத்தாயின.

அந்த வெற்றி விமானத்துக்கும் பொருந்துமா என்ற வழக்கை நடத்தியது, போரில் முதுகுத்தண்டு முறிந்து திரும்பிய வீரர்கள் 1946-இல் தொடங்கிய சங்கம். அரசின் பணத்தில் ஓடுபாதையும் முனையமும் கட்டப்படுகின்றன, அவை இல்லாமல் விமானம் பறக்காது, ஆகவே விமான நிறுவனமும் அரசுப் பணம் பெறுவதாகவே பொருள் என்பது அவர்களுடைய வாதம். 1986 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. பணத்தைப் பெறுவது விமான நிலையம். விமான நிறுவனம் அதனால் நன்மை அடைகிறது, அவ்வளவே என்றது. முனையத்தின் கழிப்பறை வரை சட்டம் வரும், பாலத்தின் முனையில் நின்றுவிடும் என்பது அந்தத் தீர்ப்பின் விளைவு. எந்த வாசலில் உதவி மிகவும் வேண்டுமோ அந்த வாசலில் சட்டம் முடிந்தது.

அந்த நிலை நான்கு மாதம்கூட நீடிக்காத அளவுக்கு நாடாளுமன்றம் விரைந்தது. அக்டோபர் 2 அன்று அதிபர் ரீகன் விமான நிறுவன அணுகல் சட்டத்தில் கையெழுத்திட்டார். விதிகள் எழுதி முடியத்தான் 1990 மார்ச் வரை ஆயிற்று. புதிய விமானங்களில் உயர்த்தக்கூடிய கைப்பிடிகள், மடக்கு நாற்காலி வைக்க இடம் என்று அவற்றில் பல அம்சங்கள் உண்டு. இணைப்புப் பயணிக்கு முக்கியமானது ஒரே ஒரு வரி: கொண்டுவந்து இறக்கிய நிறுவனமே அடுத்த விமானத்தின் வாயில் வரை கொண்டுபோகும் பொறுப்பை ஏற்க வேண்டும். 2008-இல் திருத்தப்பட்டு மறு ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த விதிகள் இதை இன்னும் தெளிவாக்கின. இரண்டு விமானங்களும் வேறு வேறு நிறுவனங்களுடையவையாக இருந்தாலும், டிக்கெட்டுகள் தனித்தனியாக வாங்கப்பட்டிருந்தாலும், பொறுப்பு முதல் நிறுவனத்துக்கே. தானாக நகர முடியாத நாற்காலியில் ஒருவரை 30 நிமிடங்களுக்கு மேல் தனியே விட்டுவிட்டுப் போகவும் கூடாது. அமெரிக்கா வந்துபோகும் வெளிநாட்டு நிறுவனங்களையும் இந்தத் திருத்தம் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பயணி யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்கு ஒரு நாட்டின் சட்டம் ஐயமின்றிக் கொடுத்த பதில் இது.

ஐரோப்பா வேறு பதிலைத் தேர்ந்தெடுத்தது. அதன் பின்னணியில் லண்டன் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் நடந்த ஒரு வழக்கு உண்டு. 2002-இல் அங்கே மூளை முடக்குவாதம் உள்ள பயணி ஒருவரிடம், முனையத்திலிருந்து விமானம் வரை நாற்காலியில் கொண்டுபோக 18 பவுண்டு கேட்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். விமான நிலையம் செய்ய வேண்டும் என்றது நிறுவனம். நிறுவனம் செய்ய வேண்டும் என்றது நிலையம். 2004 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இருவருமே பொறுப்பு என்றது. நியாயமான தீர்ப்புதான், ஆனால் இருவர் தலையிலும் வைத்த சுமையை நாள்தோறும் தூக்குவது யார் என்பது அதில் தீரவில்லை.

2006 ஜூலையில் இயற்றப்பட்டு 2008 ஜூலையில் முழுமையாக அமலான 1107/2006 எண்ணுள்ள ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குமுறை அதைத் தீர்த்தது. உதவி செய்வது விமான நிலையத்தை நடத்துபவரின் கடமை. செலவு அங்கே வந்துபோகும் எல்லாப் பயணிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப எல்லா நிறுவனங்களிடமும் வசூலிக்கப்படும். உதவி பெறுபவர் எதுவும் தர வேண்டியதில்லை. பயணி 48 மணி நேரத்துக்கு முன் நிறுவனத்திடமோ முகவரிடமோ சொல்ல வேண்டும். நிறுவனம் குறைந்தது 36 மணி நேரத்துக்கு முன் விமான நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் வந்தாலும் முடிந்தவரை உதவ வேண்டும். இணைப்பு விமானத்தை அடையச் செய்வது, தேவைப்பட்டால் முனையம் விட்டு முனையம் கொண்டுபோவது, பின்னிணைப்பில் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கிறது. நடுவழியில் நிறுவனம் மாறினாலும் விமான நிலையம் மாறுவதில்லை என்பதால் இந்த ஏற்பாடு இணைப்புப் பயணிக்குப் பொருத்தமானது. ஆனால் விமானம் தாமதமாகும்போது, எந்தப் பயணிக்கு எத்தனை நிமிடம் மீதி என்ற தகவல் நிறுவனத்திடம் இருக்கிறது, நாற்காலியும் ஆளும் நிலையத்திடம் இருக்கின்றன. இரண்டும் ஒன்றோடொன்று பேசாத நாட்களில் பயணி நடுவில் நிற்கிறார்.

இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2008-இல் ஊனமுற்றோரையும் நடமாட்டம் குறைந்தோரையும் ஏற்றிச் செல்வதற்கான விதிகளை வெளியிட்டது. விதி வந்த பிறகும் பழைய மனப்போக்கு போகவில்லை என்பதை 2012 பிப்ரவரி 19 காட்டியது. மூளை முடக்குவாதம் உள்ளவரும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் செயல்பாட்டாளருமான ஜீஜா கோஷ், கோவாவில் நடக்கவிருந்த கருத்தரங்குக்காகக் கொல்கத்தாவில் விமானத்தில் ஏறி இருக்கையில் உட்கார்ந்த பிறகு கீழே இறக்கப்பட்டார். 2014-இல் விதிகள் திருத்தப்பட்டன. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. இந்திய விதியிலும் 48 மணி நேர முன்னறிவிப்பு உண்டு. உதவிக்குத் தனிக் கட்டணம் கூடாது.

இங்கே இந்த வரலாறு எதிர்பாராத ஒரு திசையில் திரும்பியது. 1990-களுக்குப் பிறகு கணினித் துறை வேலைக்காக வெளிநாடு போன தலைமுறையின் பெற்றோர், பேரப்பிள்ளை பிறப்புக்கும் கோடை விடுமுறைக்கும் ஆண்டுதோறும் பறக்கத் தொடங்கினார்கள். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கிளம்புபவர்களுக்குத் துபாய், தோகா, அபுதாபி, ஃபிராங்க்ஃபர்ட் ஆகியவை நடுவழி ஊர்களாயின. முழங்கால் தேய்ந்தவர்கள் அவர்களில் பலர். முழங்கால் நன்றாக இருந்தும் ஆங்கிலப் பலகை படிக்கத் தயங்குபவர்கள், தனியாக முதன்முதலாகப் பறப்பவர்கள், குடியேற்ற அதிகாரியின் கேள்விக்கு அஞ்சுபவர்கள் இன்னும் பலர். கூட்டிப்போய் வழிகாட்டுவதற்கு மட்டும் ஐயாட்டாவில் எம்.ஏ.ஏ.எஸ். என்ற தனிக் குறியீடு இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது. எல்லா நிறுவனங்களும் எளிதில் தருவதும் இல்லை. ஆகவே நாற்காலியே வழிகாட்டியாகிவிட்டது. இந்திய நீண்டதூர விமானங்கள் சிலவற்றில் டஜன் கணக்கில் நாற்காலிக் கோரிக்கைகள் இருப்பது இதனால்தான். இதை ஏமாற்று வேலை என்று கேலி செய்வது எளிது. தெரியாத ஊரில், தெரியாத மொழியில், ஒரு மணி நேரத்தில் விமானம் மாற வேண்டிய எழுபது வயதுக்காரரின் அச்சமும் ஓர் இயலாமைதான். அதற்கு வேறு பெயரில் உதவி எளிதாகக் கிடைத்திருந்தால் அவர்கள் நாற்காலியைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

கோரிக்கை பெருகி, ஆளும் நாற்காலியும் பெருகாதபோது என்ன ஆகும் என்பதற்கு 2024 பிப்ரவரியில் மும்பையில் நடந்தது சாட்சி. நியூயார்க்கிலிருந்து வந்திறங்கிய 80 வயதுப் பயணியும் அவர் மனைவியும் இருவருக்குமே நாற்காலி பதிவு செய்திருந்தார்கள். ஒன்றுதான் வந்தது. மனைவியை அதில் உட்காரவைத்துவிட்டு அவர் உடன் நடந்தார். குடியேற்றப் பகுதியில் மயங்கி விழுந்து இறந்தார். அந்த விமான நிறுவனத்துக்கு இயக்குநரகம் 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

நாற்காலியைத் தள்ளுபவர்களைப் பற்றி ஆவணங்களில் மிகக் குறைவாகவே இருக்கிறது. அமெரிக்காவில் இந்த வேலை ஸ்கைகேப் என்ற விமான நிலையச் சுமைப்பணியாளர்களோடு தொடங்கியது; அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பிற்பாடு விமான நிறுவனங்கள் இதை ஒப்பந்ததாரர்களிடம் கொடுத்தன. சம்பளம் குறைந்தது, பயணி கொடுக்கும் அன்பளிப்பு வருமானத்தின் ஒரு பகுதியாயிற்று. சியாட்டில் விமான நிலையம் அமைந்துள்ள சீடாக் நகரில் 2013 நவம்பரில் விமான நிலையத் தொழிலாளர்களுக்கு மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி கேட்டு வாக்கெடுப்பு நடந்தபோது, நாற்காலி தள்ளுபவர்களும் அந்தப் போராட்டத்தில் இருந்தார்கள். 77 வாக்கு வித்தியாசத்தில் அது வென்றது. ஒரு முனையத்தின் குறுக்கு வழி, எந்த மின்தூக்கி பழுது, எந்தச் சோதனை வரிசை வேகமாக நகரும் என்பதெல்லாம் இவர்களுக்குத்தான் தெரியும். குறுகிய இணைப்பு கிடைப்பதும் தவறுவதும் சட்டத்தைவிட இந்த அறிவையே அதிகம் நம்பியிருக்கிறது. அந்த அறிவுள்ளவர்களை அடிக்கடி வேலையை விட்டுப்போக வைக்கும் கூலிமுறையை விமானத் துறையின் பெரிய தவறு என்றே சொல்ல வேண்டும்.

இன்று ஒரு குறுகிய இணைப்புக்கான ஏற்பாடு இப்படி நடக்கிறது. முன்பதிவில் ஏறிய குறியீடு பயணத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக ஒப்புக்கொள்ளப்பட வேண்டும். இரண்டாவது நிறுவனத்தின் கணினி ஒப்புக்கொள்ளாவிட்டால் முதல் விமானத்தோடு ஏற்பாடு முடிந்துவிடும். புறப்படுவதற்கு முன் உதவிப் பட்டியல் ஒன்று அடுத்த ஊருக்குப் போகிறது. விமானம் கிளம்பியதும் பி.எஸ்.எம். என்ற செய்தி, யார் எந்த இருக்கையில், எந்த வகை உதவியோடு வருகிறார் என்று சொல்கிறது, பி.டி.எம். என்ற இன்னொரு செய்தி, யார் எந்த விமானத்துக்கு மாறுகிறார் என்று சொல்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பவர் இருந்தால் நாற்காலி கதவருகே காத்திருக்கும். இல்லாவிட்டால் பல விமானங்களின் பயணிகளை ஒரே இடத்தில் உட்காரவைத்து, ஆள் கிடைக்கும்போது ஒவ்வொருவராகக் கொண்டுபோவார்கள். சொந்த நாற்காலியில் வருபவருக்கு இன்னொரு கட்டம் உண்டு: அதை நடுவழி ஊரில் சரக்கறையிலிருந்து கதவுக்குக் கொண்டுவரவும் வேண்டும், மறுபடி அடுத்த விமானத்தில் ஏற்றவும் வேண்டும்.

கடைசியில் இறக்கும் பழக்கம் மட்டும் எந்தச் சட்டத்தின் பார்வையிலும் நெடுங்காலம் படவில்லை. 2023 ஜூன் மாதம் ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முன் அது வந்தது. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து புடாபெஸ்ட் வழியாக செயின்ட் பீட்டர்ஸ்பர்க் செல்லவிருந்த பயணிகள் தொடுத்த வழக்கு அது. அவர்களில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தார். இணைப்புக்கு 45 நிமிடம். எல்லாரும் இறங்கிய பிறகே அவர்கள் இறக்கப்பட்டதால் அடுத்த விமானம் போய்விட்டது. நடமாட்டம் குறைந்தவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 2004-ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பயணிகள் உரிமை ஒழுங்குமுறையின் 11-ஆம் பிரிவு சொல்வது ஏறுவதற்கு மட்டுமா, இறங்குவதற்கும்தானா என்பது கேள்வி. கீழ் நீதிமன்றங்கள் பயணிகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்திருந்தன. அந்த முன்னுரிமை விமானத்திலிருந்து இறங்குவதற்கும் பொருந்தும் என்று கூட்டாட்சி நீதிமன்றம் கூறி, வழக்கை மறு விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது.